கரடிமலைப் பதிப்பு

கரடிமலைத் தேயிலைத் தோட்டத்துப் பிரசவ விடுதியின் மருந்து அலமாரிக்குச் சாவி கிடையாது. அதைத் திறப்பது துணைதான்.

துணை என்பது ஒரு குரல். உலகத்தில் பிள்ளை பிறக்கும் விடுதிகளில் பெரும்பாலானவற்றில் அந்தக் குரல் இருந்தது. எங்கே எந்தத் தாய்க்கு எது நடந்தாலும், அதுவரை உலகம் கற்றிருந்த மருத்துவம் முழுவதையும் ஒரு நொடியில் புரட்டிப் பார்த்து, அடுத்து என்ன செய்ய வேண்டும் என்று மருத்துவரின் காதில் சொல்லும். தப்பான ஊசி, தேவையில்லாத கத்தி, அவசரக் கை எல்லாவற்றையும் அது தடுத்தது. அது வந்த பிறகு பிரசவத்தில் தாய்மார் சாவது கண்கூடாகக் குறைந்தது. கல்லூரியில் அதைப் படித்தபோது வியந்துபோனவர்களில் இந்த விடுதியின் மருத்துவர் நிரோஷினியும் ஒருத்தி. அலமாரிச் சாவியை மனிதர் கையிலிருந்து வாங்கி ஒரு குரலிடம் கொடுத்தது சரி என்றுதான் அவளும் நம்பினாள். மாலினி சாகும்வரை நம்பினாள்.

மழை தன் வழக்கத்தை மறந்துவிட்ட காலம் அது. எந்த மாதம் பெய்யும், எத்தனை நாள் பெய்யும் என்று யாருக்கும் தெரியாது. மாலினிக்குப் பிள்ளை பிறந்த மத்தியானமும் கொட்டிக்கொண்டிருந்தது. பெண் குழந்தை. நல்ல அழுகை. ஆனால் தாயின் கருப்பை சுருங்கவில்லை. இரத்தம் நிற்காமல் வந்தது. துணை சொன்ன ஊசிகளை நிரோஷினி போட்டாள். விடுதியின் மருத்துவத்தாதி ரெஜினா வயிற்றை அழுத்திப் பிசைந்துகொண்டே இருந்தாள். இரத்தம் நிற்கவில்லை.

அலமாரிக்குள் ஒரு பை இருந்தது. கருப்பைக்குள் வைத்து உப்புநீரால் நிரப்பினால் உள்ளேயிருந்து அழுத்தி இரத்தத்தைப் பிடித்துவைக்கும் சின்ன ரப்பர்ப் பை. நிரோஷினி அதைக் கேட்டாள்.

"அறுவை அரங்கும் இரத்த வங்கியும் இல்லாத இடத்தில் இந்தப் பைக்கு அனுமதி இல்லை. தாயை உடனே மேல் வைத்தியசாலைக்கு அனுப்புங்கள்" என்றது துணை.

பாதை மூடியிருக்கலாம் என்று அவள் சொன்னாள். துணை அதே வாக்கியத்தை அதே கனிவோடு திரும்பச் சொன்னது. அலமாரிக் கண்ணாடிக்குப் பின்னால் பை தெரிந்துகொண்டிருந்தது.

அனுப்பினார்கள். கோயில் வளைவில் மலை சரிந்து பாதை முழுக்கச் சேறு. அந்த வளைவில் நின்று பார்த்தால் டவுன் ஆஸ்பத்திரியின் சிவப்புக் கூரை தெரியும். அந்தக் கூரை தெரியும் இடத்தில், வண்டிக்குள், நிரோஷினியின் கையைப் பிடித்தபடி மாலினி இறந்தாள்.

விசாரணைக்கு வந்தவர்கள் யாரையும் குறை சொல்லவில்லை. மருத்துவர் விதிப்படி நடந்திருக்கிறார். துணையும் விதிப்படி சொல்லியிருக்கிறது. எல்லாம் சரியாக இருந்தது. மாலினி மட்டும் இல்லை. அந்த வண்டியில் கூட வந்த அவள் புருஷன் தினேஷ் தோட்டத்தின் கொழுந்து லொறி ஓட்டுபவன். விசாரணையில் அவன் ஒரு வார்த்தை பேசவில்லை. குழந்தையை அக்காளிடம் கொடுத்துவிட்டு மறுநாளே லொறியை எடுத்துக்கொண்டு வேலைக்குப் போய்விட்டான் என்று ரெஜினா சொன்னாள்.

துணையைக் கவனிக்கும் தேசியக் குழுவுக்கு நிரோஷினி விடாமல் அழைப்பு எடுத்தாள். குழுவில் அவளோடு பேச ஒப்புக்கொண்டவர் டொக்டர் ரமணன். கொழும்பில் இருந்தார், பேச்சில் யாழ்ப்பாணம் அப்படியே இருந்தது. அவள் கொட்டித் தீர்க்கும்வரை குறுக்கிடாமல் கேட்டார்.

"நீங்கள் கோபப்படுறது விளங்குது டொக்டர்" என்றார். "ஆனா அந்த விதியை எழுதினவையும் சும்மா எழுதேல்லை. பையை வச்சிட்டு, இனிப் பயமில்லை எண்டு கதவைச் சாத்திப்போட்டுப் போன இடங்களில கனபேர் செத்தவை. உள்ளுக்க கசிஞ்சுகொண்டே இருந்திருக்கு, ஒருத்தரும் பாக்கேல்லை. பை தோத்தா அடுத்தது என்ன எண்டு கேட்டா அவையிட்டப் பதில் இல்லை. உங்களிட்ட இருக்கோ?"

நிரோஷினியிடம் இல்லை. சண்டைக்கென்று தயாராக வந்தவளுக்கு, அந்தக் கேள்வி நியாயமானது என்பதுதான் அன்று அதிகம் வலித்தது.

வசதி குறைந்த இடங்களுக்கென்று துணையில் ஓர் எளிய பதிப்பு இருக்கிறது, வேண்டுமானால் அதை அனுப்புகிறேன் என்றார் ரமணன். வந்தது. நிரோஷினியும் ரெஜினாவும் ஒரு நோயாளியைக் கற்பனை செய்து அதைச் சோதித்துப் பார்த்தார்கள். ஏற்றுவதற்கு இரத்தம் இல்லை என்றார்கள். அப்படியானால் அந்தப் படியை விட்டு அடுத்ததற்குப் போங்கள் என்றது. அறுவை அரங்கு இல்லை என்றார்கள். அதையும் விடுங்கள் என்றது. வண்டி இல்லை, மருந்து தீர்ந்துவிட்டது என்று ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல ஒவ்வொன்றாக விட்டுக்கொண்டே வந்தது. கடைசியில் குடும்பத்தாருக்கு ஆறுதல் சொல்லுங்கள் என்று நின்றது.

ரெஜினா துணையின் குரல் வரும் ஒலிபெருக்கியை அணைத்தாள். "பழசு நம்மால முடியாததச் சொல்லிச்சி டொக்டர்" என்றாள். "இது, நம்ம பொம்பளைங்களுக்கு இவ்வளவு போதும்னு சொல்லுது. ரெண்டுல பழசே தேவல."

அந்தப் பதிப்பை அவர்கள் அப்போதே அழித்துவிட்டார்கள். அழித்ததை ரமணனுக்குச் சொன்னபோது அவர் ஆச்சரியப்படவில்லை. இன்னொரு வழி இருக்கிறது என்றார். துணையை உருவாக்கியவர்கள் அதற்குள் 'இடம் அறிதல்' என்று ஒரு பகுதியை வைத்திருந்தார்கள். அதைத் திறந்தால் துணை விதி சொல்வதை நிறுத்திவிட்டுக் கேள்வி கேட்கத் தொடங்கும். அந்த இடத்தின் பாதை, மழை, கைகள், பழக்கம் எல்லாவற்றையும் கேட்டுத் தெரிந்துகொண்டு, அந்த இடத்துக்கென்று விதியைத் தானே திருத்தி எழுதித் தரும். வாரக்கணக்காகக் கேட்கும், பெரிய ஆஸ்பத்திரிகளுக்கு அதற்கு நேரமில்லை, சின்ன விடுதிகளுக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாது. இந்த நாட்டில் அதுவரை யாரும் அதைத் திறந்ததில்லை.

நிரோஷினி திறந்தாள். முதல் நாளே அது ஒரு நிபந்தனை போட்டது. மருத்துவரின் பதில் மட்டும் போதாது. பிள்ளை பெறுகிறவர்களும், அவர்களைத் தூக்கி வருகிறவர்களும் பேச வேண்டும்.

அதனால் கொழுந்து மடுவத்துக்குப் போனார்கள். பின்னேரம் கொழுந்து நிறுத்து முடிந்ததும் பெண்கள் கூடையை இறக்கிவிட்டு மூச்சு வாங்கும் இடம் அது. ரெஜினா ஒலிபெருக்கியைத் தராசுக்குப் பக்கத்தில் வைத்தாள். பெண்கள் சுற்றி உட்கார்ந்தார்கள். மிஷினிடம் எப்படிப் பேசுவது என்று சிலர் வாயை மூடிச் சிரித்தார்கள்.

அருகிலுள்ள அறுவை அரங்குக்குப் போக எவ்வளவு நேரமாகும் என்று துணை கேட்டது.

"மழையிலயா, வெயில்லயா?" என்றாள் ஒருத்தி.

துணை, இரண்டையும் சொல்லுங்கள், மூடுபனியில் எப்படி என்பதையும் சொல்லுங்கள் என்றது. அதற்குப் பிறகு அதன் கேள்விகள் மாறத் தொடங்கின. வலி எடுத்தால் முதலில் யாரிடம் சொல்வீர்கள் என்று கேட்டது. யாரிடமும் சொல்ல மாட்டோம் என்று பதில் வந்தது. நடுவில் மலையை விட்டு இறங்கினால் அன்றைய பேர் விழாது, நாள் சம்பளம் போய்விடும்; அதனால் நிறுவை முடியும்வரை வலியை அடக்கிக்கொண்டு கொழுந்து பறிப்போம், விடுதிக்கு வந்ததும் இப்போதுதான் எடுத்தது என்போம் என்றார்கள். அதைச் சாதாரணமாகச் சொன்னார்கள். வலி எடுத்த நேரத்தை வைத்துத்தான் நிரோஷினி எல்லாவற்றையும் கணித்துக்கொண்டிருந்தாள். இத்தனை வருஷமும் அந்தத் தொடக்கமே தவறு.

இரத்தம் யார் கொடுப்பார்கள் என்று கேட்டபோது பெண்கள் கூடையைத் தேடத் தொடங்கினார்கள். கொடுத்தால் மலை ஏற முடியாது என்ற பயம் எல்லோருக்கும் இருந்தது. துணை வற்புறுத்தவில்லை, என்ன பயம் என்று மட்டும் திரும்பத் திரும்பக் கேட்டது. பல நாள் அப்படியே போனது. கடைசியில் ஒரு பின்னேரம், எல்லோர் முன்னாலும் நிரோஷினியும் ரெஜினாவும் மடுவத்து வாங்குப் பலகையிலேயே படுத்து இரத்தம் கொடுத்துவிட்டு, மறுநாள் காலையில் பெண்களோடு சேர்ந்து மலை உச்சி வரை ஏறினார்கள். ரெஜினாவுக்கு மூச்சு இரைத்தது. ஆனால் அவளுக்கு எந்த நாளும் மூச்சு இரைக்கும் என்று சொல்லிப் பெண்கள் சிரித்தார்கள். அந்த வாரம் முதல் ஆட்கள் வரத் தொடங்கினார்கள்.

தினேஷ் ஒரு நாளும் உள்ளே வரவில்லை. கொழுந்து ஏற்ற வரும்போது லொறியை மடுவத்துக்கு வெளியே நிறுத்திவிட்டு, முகத்தைத் திருப்பிக்கொண்டு சக்கரத்தில் சாய்ந்து நிற்பான். ஒரு பின்னேரம் துணை, பாதை மூடினால் என்ன செய்வீர்கள் என்று கேட்டது. எல்லோருக்கும் மாலினி ஞாபகம். வெளியேயிருந்து அவன் குரல் வந்தது.

"கொழுந்துக்குன்னா என்னா செய்வோம்னு கேக்கச் சொல்லுங்க. மண்ணு சரிஞ்சா அந்தப் பக்கம் பேக்டரியிலருந்து ஒரு லொறி வந்து நிக்கும். இந்தப் பக்கம் நான் கொண்டு போவேன். நடுவுல தோள்ல தூக்கி சாக்கு சாக்கா மாத்திருவோம். ஒரு நாளும் கொழுந்து வாடுனதில்ல." அவன் திரும்பி உள்ளே பார்த்தான். "எம் பொண்டாட்டிக்கு அந்தப் பக்கம் ஒரு வண்டி நிக்கல. அத அந்த மிஷினுக்குச் சொல்லுங்க."

நிரோஷினியால் தலை நிமிர முடியவில்லை. ஒலிபெருக்கிதான் பேசியது.

"எனக்கு இது தெரியாது. எனக்கு யாரும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. மாலினியைப் பற்றி உங்களிடம் இன்னும் கேட்கலாமா?"

தினேஷ் லொறியில் ஏறிப் போய்விட்டான். மறுநாள் கொழுந்து ஏற்றிய பிறகு உள்ளே வந்து உட்கார்ந்தான். கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னான். எந்த வளைவில் முதலில் சரியும், எங்கே அலைபேசி எடுக்காது, சேற்றில் எங்கே காலை வைத்தால் நிற்கும் என்று சொல்லிக்கொண்டே போனான். நடுவில் ஒரு தடவை மாலினி வண்டிக்குள் குளிர் என்று சொன்னதைச் சொன்னான். துணை அவன் மறுபடி பேசும்வரை காத்திருந்தது.

பெண்ணுக்கும் பேக்டரி லொறியை அனுப்ப வேண்டும் என்று கேட்டபோது தோட்டத் துரை முதலில் மறுத்தார். லொறியில் நோயாளி ஏற்றுவது சட்டச் சிக்கல் என்றார். நிரோஷினி வாதாடிப் பார்த்தாள், மசியவில்லை. பெண்கள் ஒரு நாள் காலை மலைக்குப் போகும் வழியில் அவர் பங்களா வாசலில் கூடையோடு வந்து நின்றார்கள். கோஷம் எதுவும் போடவில்லை. கொழுந்துக்கு வருகிற வண்டி எங்களுக்கு ஏன் வராது என்று ஒருத்தி மட்டும் கேட்டாள். அவர் வரிசையாக நின்ற கூடைகளைப் பார்த்துவிட்டு, சரி என்றார்.

ஒத்திகை பார்த்தார்கள். ஒரு பெண்ணின் எடைக்குக் கொழுந்தைச் சாக்கில் கட்டித் தூக்குப் படுக்கையில் வைத்துச் சரிவைக் கடந்தார்கள். முதல் தடவை சாக்கு உருண்டு பள்ளத்தில் விழுந்தது, யாரும் சிரிக்கவில்லை. விழாமல் கொண்டுபோகும்வரை திரும்பத் திரும்பத் தூக்கினார்கள்.

ரமணன் கொழும்பிலிருந்து நேரில் வந்தார். நகரத்துச் சப்பாத்தோடு சரிவில் இறங்கி, வழுக்கி விழுந்து, சேறோடு விடுதிக்கு வந்து உட்கார்ந்தார். பழைய கேள்வியைத்தான் கேட்டார். பை தோற்றால் என்ன செய்வீர்கள்?

இந்தத் தடவை துணையே பதில் சொன்னது. யார் வயிற்றை அழுத்திப் பிடிப்பது, யார் இரத்தம் கொடுப்பது, எந்த லொறி எங்கே நிற்பது, யார் சுமப்பது என்று பேர் பேராகச் சொன்னது. சொல்லி முடித்துவிட்டு இன்னொன்றையும் சொன்னது. மருத்துவர் தாயோடு போய்விட்டால் விடுதியில் இன்னொரு தாய்க்கு ஒரு கை போதாது. இரண்டாவது மருத்துவத்தாதி இல்லாமல் இந்தப் பதிப்பை நான் நடைமுறைப்படுத்த மாட்டேன் என்றது.

ரமணன் அதை எதிர்பார்க்கவில்லை. உள்ளூருக்கு ஏற்ப மாற்றுவது என்றால் எதையாவது குறைப்பது என்றுதான் குழுவில் எல்லோரும் நினைத்திருந்தார்கள். இங்கே விதி குழுவிடமே ஆள் கேட்டது. "இதுக்கு நான் கொழும்பில பெரிய சண்டை பிடிக்கவேணும்" என்று சொல்லிவிட்டுப் போனார். பிடித்திருப்பார் போல. அடுத்த மாதம் குமுதினி என்ற மருத்துவத்தாதி பெட்டியோடு வந்து இறங்கினாள். ஒரு மழைக்காலத்துக்கு மட்டும் என்று பதிப்புக்கு அனுமதியும் வந்தது.

அந்த மழைக்காலத்தில் சங்கீதா வந்தாள். மலையில் வலி எடுத்தவுடனேயே வந்துவிட்டாள். வலியோடு இறங்கி வருகிறவளுக்கு அன்றைய பேரை வெட்டுவதில்லை என்று துரை ஒப்புக்கொண்டிருந்த சமயம் அது. பிரசவம் சுலபமாகத்தான் நடந்தது. ஆண் குழந்தை. அதற்குப் பிறகு இரத்தம்.

ஊசிகள் போட்டும் நிற்கவில்லை. ஒரு வருஷத்துக்கு முந்தைய மத்தியானம் திரும்ப வந்து நிற்பதுபோல் இருந்தது. வெளியே அதே மழை. அலமாரியைப் பார்க்கவே நிரோஷினிக்குப் பயமாக இருந்தது.

"நிரோஷினி, கோயில் வளைவு மூடிவிட்டது" என்றது துணை. "இரத்தம் கொண்டுவரும் பறக்கும் பெட்டி மூடுபனியில் வராது. பேக்டரி லொறியைக் கூப்பிட்டுவிட்டேன். அலமாரியைத் திறக்கிறேன்."

அவள் கேட்கவே இல்லை. அலமாரி திறந்துகொண்டது.

பையை வைத்து உப்புநீர் ஏற்றினாள். ரெஜினா வெளியே ஆள் அனுப்பினாள். இரத்தம் பொருந்துகிறவர்கள் மழையில் நனைந்தபடி மலையிலிருந்து ஓடி வந்தார்கள். இரத்தப்போக்கு குறைந்தது. ஆனால் முழுக்க நிற்கவில்லை. மெல்லச் சொட்டிக்கொண்டிருந்தது. பை தோற்கத் தொடங்குகிறதா என்று நிரோஷினி கேட்டாள்.

"எனக்குத் தெரியவில்லை" என்றது துணை. "நீங்கள் அவள் பக்கத்தில் இருக்கிறீர்கள். உங்களுக்கு என்ன தெரிகிறது?"

இத்தனை வருஷத்தில் பிரசவ அறைக்குள் அந்தக் குரல் அப்படி ஒரு வார்த்தை சொல்லி அவள் கேட்டதில்லை. அவள் குனிந்து சங்கீதாவைப் பார்த்தாள். உதடு வெளுத்திருந்தது, ஆனால் கண் தெளிவாக இருந்தது. பிள்ளை எங்கே என்று சங்கீதா கேட்டாள். நாடி வேகமாக ஓடியது, ஆனால் விரலுக்குத் தெளிவாகப் பிடிபட்டது. முதலில் இரத்தம் ஏற்றுவது, உடம்பு தாங்கியதும் கிளம்புவது என்று நிரோஷினி முடிவு செய்தாள். "சரி" என்றது துணை.

குழந்தையோடும், உள்ளே வலியில் இருந்த இன்னொரு தாயோடும் ரெஜினாவும் குமுதினியும் விடுதியில் நின்றுகொண்டார்கள். நிரோஷினி லொறியில் ஏறினாள். தினேஷ் ஓட்டினான். கொழுந்துச் சாக்குகளை மெத்தைபோல் அடுக்கி அதன்மேல் சங்கீதாவைப் படுக்கவைத்திருந்தார்கள். வளைவை நெருங்கும்போது காதில் துணையின் குரல் அறுந்து அறுந்து வந்தது; பிறகு நின்றுபோனது. அந்த இடத்தில் அலைபேசி எடுக்காது என்று தினேஷ் முன்பே சொல்லியிருந்தான்.

சரிவில் தூக்குப் படுக்கையின் ஒரு முனையைத் தினேஷ் பிடித்தான். மற்ற முனைகளை லொறியில் கூட வந்திருந்த மலைத் தொழிலாளிகள் மூன்று பேர் பிடித்தார்கள். நிரோஷினி ஒரு கையால் சங்கீதாவின் வயிற்றை அழுத்தியபடி, ஒரு கையால் இரத்தப் பையை உயர்த்தியபடி பக்கத்தில் நடந்தாள். கால் எங்கே வைக்க வேண்டும் என்று தினேஷ் மெல்லிய குரலில் சொல்லிக்கொண்டே போனான். ஒரு இடத்தில் அவள் முழங்கால் வரை புதைந்தாள். படுக்கை நின்றது, யாரும் பதறவில்லை. அவள் காலைப் பிடுங்கிக்கொண்டு வரும்வரை நின்று, பிறகு நடந்தார்கள். மூடுபனிக்குள் எதிரே இரண்டு மஞ்சள் வெளிச்சம் தெரிந்தது. பேக்டரி லொறி முன்பே வந்து நின்றுகொண்டிருந்தது.

டவுன் ஆஸ்பத்திரியில் அறுவை செய்து இரத்தக் குழாய்களைக் கட்டினார்கள். கருப்பையை எடுக்க வேண்டியிருக்கவில்லை. வார்டிலிருந்து நிரோஷினி வெளியே வந்தபோது தினேஷ் வாசலில் குழாயடியில் காலைக் கழுவிக்கொண்டிருந்தான். சேறு எப்போதோ போய்விட்டிருந்தது. தண்ணீர் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. பிழைத்துவிட்டாள் என்று சொன்னாள். அவன் தலையாட்டினான். குழாயை மூடிவிட்டு, கண் எல்லாம் நீராக, அவளைப் பார்த்துக் கும்பிட்டான். அவளும் கும்பிட்டாள்.

மழைக்காலம் முடிந்ததும் அனுமதியை நிரந்தரமாக்கிவிட்டார்கள். அதைச் சொல்ல ரமணன் அழைத்தபோது வேறொரு செய்தியும் வைத்திருந்தார். ஒரு பெரிய ஆறு கடலில் சேரும் தீவுகளில், படகையே விடுதியாக வைத்துப் பிரசவம் பார்க்கும் ரொக்கேயா என்ற மருத்துவர் கரடிமலைப் பதிப்பைக் கேட்கிறாராம். அப்படியே அனுப்பிவிடலாம், இனி இதுபோல நிறைய இடங்கள் கேட்கும் என்றார் ரமணன். அவர் குரலில் பெருமை இருந்தது.

நிரோஷினிக்கும் பெருமைதான். ஆனால் யோசித்துவிட்டு, வேண்டாம் என்றாள். "எங்களுக்கு வேற ஒரு ஊர்ல எழுதினத அனுப்பினாங்க டொக்டர். நாம அதையே அவங்களுக்குச் செய்ய வேணாம். விதிய விட்டுருங்க. கேள்விகள மட்டும் அனுப்புங்க. அவங்க பொம்பளைங்க பதில் சொல்லட்டும்."

அப்படியே செய்தார்கள். முதல் நாள் நிரோஷினியும் ரெஜினாவும் திரையில் சேர்ந்துகொண்டார்கள். படகுத் தளத்தில் பெண்கள் நெருங்கி உட்கார்ந்திருந்தார்கள். பின்னால் தண்ணீர் மட்டுமே தெரிந்தது. இரு பக்கப் பேச்சையும் துணை மொழிபெயர்த்தது. மழையில் பாதை மூடுமா என்று கரடிமலையின் கேள்வியைக் கேட்டது. அங்கே ஒரே சிரிப்பு. பாதையா, இங்கே பாதையே கிடையாதே என்றார்கள். நிரோஷினியும் சிரித்துவிட்டாள். அந்தக் கேள்வியை எடுத்துவிடுங்கள், அதற்குப் பதில் எதைக் கேட்டிருக்க வேண்டும் என்று நீங்களே சொல்லுங்கள் என்றாள்.

அவர்கள் ஒவ்வொன்றாகச் சொல்லத் தொடங்கினார்கள். கடல்நீரின் ஏற்றவற்றத்தைக் கேளுங்கள் என்றார்கள். படகோட்டி யார் வீட்டு ஆள் என்று கேளுங்கள் என்றார்கள். பிறகு பின்வரிசையில் ஒரு பெண் தயங்கித் தயங்கி ஏதோ கேட்டாள். துணை அதைத் தமிழில் சொன்னது.

"நான் இங்கே வந்து படுத்துவிட்டால் வீட்டில் மூத்த பிள்ளையை யார் பார்ப்பார்கள்? இதை ஏன் உங்கள் பட்டியலில் யாரும் கேட்கவில்லை?"

நிரோஷினி திரும்பி ரெஜினாவைப் பார்த்தாள். ரெஜினா ஏற்கெனவே அவளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இருவருக்கும் ஒரே பெயர்தான் மனதில் வந்தது.

ஜெயராணிக்கு முதல் பிரசவம் சிக்கலாகிப் பிழைத்தது பெரும்பாடு. அதனால் இந்தத் தடவை வலி எடுக்குமுன்பே விடுதியில் வந்து தங்க வேண்டும் என்று துணை சொல்லியிருந்தது. காலையில் வருவாள். பின்னேரமானால் யாரிடமும் சொல்லாமல் இறங்கிப் போய்விடுவாள். ரெஜினா திட்டிப் பார்த்தாள், நிரோஷினி பயமுறுத்திப் பார்த்தாள். அவள் தலையைக் குனிந்துகொண்டு கேட்டுவிட்டு, அன்றைக்கும் போய்விடுவாள். பிடிவாதக்காரி என்று முடிவு கட்டியிருந்தார்கள்.

நிரோஷினி எழுந்து, பிள்ளைப்பேறுக்குக் காத்திருப்பவர்களின் அறைக்குப் போனாள். ஜெயராணி கட்டிலில் துணி மூட்டையைக் கட்டிக்கொண்டிருந்தாள். டொக்டரைப் பார்த்ததும் ஏச்சு வாங்கத் தயாராக எழுந்து நின்றாள். நிரோஷினி அவளை உட்காரச் சொல்லி, தானும் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"வீட்டுல மூத்தவன யாரு பாக்குறா, ஜெயராணி?"

மூட்டையைக் கட்டிக்கொண்டிருந்த கை நின்றது.

"யாருமில்லீங்க" என்றாள். "பின்னேரம் புள்ளைங்கள பாத்துக்கிற புள்ளக்காம்பராவ மூடிருவாங்க. அவரு வேலை முடிஞ்சி டவுன்லருந்து வர இருட்டிரும். அதுவரைக்கும் புள்ள லயத்து வீட்டுல தனியா நிக்கும். பக்கத்துல ஓடை." அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "நானா எப்பிடிங்க சொல்றது. நீங்க யாரும் கேக்கலீங்களே."

"இப்ப கேக்குறேன்" என்றாள் நிரோஷினி. "அவனையும் இங்கயே கூட்டிட்டு வந்துரலாம். புள்ளைக்கும் சேத்துச் சாப்பாடு வாங்கிக்கலாம். நீ நடக்க வேணாம், குமுதினிய அனுப்புறேன்."

ஜெயராணி நம்பாமல் அவளையே பார்த்தாள். நிரோஷினியின் காதில் துணை தணிந்த குரலில் கேட்டது: "இங்கே இன்னொரு கட்டில் இருக்கிறதா?"

நிரோஷினி அறையைச் சுற்றிப் பார்த்தாள். இல்லை. அதைச் சொல்ல அவள் வாயைத் திறப்பதற்குள் ஜெயராணி துணி மூட்டையைக் கீழே இறக்கி வைத்துவிட்டு, சுவர்ப்பக்கமாக நகர்ந்து, கட்டிலில் ஒரு சின்ன உடம்புக்கு வேண்டிய இடத்தைக் கையால் தட்டிச் சரிசெய்துகொண்டிருந்தாள்.